இடுப்பில் இறங்கும் சுமை



பிரயாணப் பை ஒன்றைப் பற்றி இப்பத்தியில் எழுதுவதா என்று நீங்கள் வியக்கலாம். பையைப் பற்றி ஆண்டவர் இயேசுவே பேசியிருக்கிறார். 72 சீடரை ஊர்களுக்கு அனுப்பியபோது பணமும் மூட்டையும் இன்றிப் புறப்படச் சொன்னார். அதே லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், பாடுகளுக்கு முந்திய இரவிலோ, பை இருப்பவர் அதை எடுத்துச் செல்லலாம் என்கிறார். ஆகவே பை வைத்திருத்தல் பாவமன்று. அதில் எதை, எவ்வளவு, யாருக்காக என்பதே வினா.

எங்கள் கொட்டாஞ்சேனை இளைஞர் சிலர் மலைநாட்டின் பெக்கோ பாதையில் நான்கு நாள் நடக்க எண்ணியுள்ளனர். கண்டி ஹந்தானையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களின் ஊடாக 22 கட்டங்களாய், 300 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு நுவரெலியாவில் முடியும் பாதை அது. அதற்கென வாங்கிய பாரந்தாங்கும் முதுகுப்பை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து அபிப்பிராயம் கேட்டனர். 70 லீற்றர் கொள்ளளவு. வெறும் பையே இரண்டரைக் கிலோ நிறை. முதற்பார்வையில் கண்ணைக் கவர்வன தடித்த துணியும், எண்ணற்ற வார்களும் கொளுக்கிகளுந்தான்.

கடையில் வெறுமையாய் மாட்டிப் பார்ப்பவருக்கு எந்தப் பையும் நல்ல பையாகவே தோன்றும். எனவே ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் 12ஐ அதனுள் அடுக்கினேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ ஆகையால் தராசு வேண்டியதில்லை. அதைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள தொடர்மாடியின் ஐந்தாம் மாடிவரை ஏறினேன். வழியில் கண்ட தாய்மார், சுவாமிக்கு இடமாற்றமோ என்று கவலையோடு விசாரித்தனர்!

முதல் இரண்டு மாடிகள் தோள் நொந்தது. பிறகு நின்று, வார்கள் அனைத்தையும் தளர்த்தி, முறைப்படி மீண்டும் கட்டினேன். முதலில் பூட்ட வேண்டியது இடுப்புப் பட்டை. அது வயிற்றின்மேல் அன்று, இடுப்பெலும்பின் விளிம்பின்மேல் அமர வேண்டும். அதன் பின்னரே தோள் வார். பின்பு தோளுக்கு மேலே பையின் தலைப்பக்கத்தை முதுகோடு இழுக்கும் சிறு வார். கடைசியில் மார்பு வார். இவ்வாறு கட்டியதும், பாரத்தின் பெரும்பகுதி தோளைவிட்டு இறங்கி, உடலின் வலிமைமிக்க தசைகளும் எலும்புகளும் உள்ள இடுப்புக்கும் கால்களுக்கும் சென்றது. 12 கிலோவில் ஒரு கிராமும் குறையவில்லை. ஆயினும் எஞ்சிய மூன்று மாடிகளை இலகுவாக ஏறினேன்.

இந்த அறிவு முற்றிலும் புதியதன்று. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரைப் பாருங்கள். சும்மாடு வைத்த தலையில் மூட்டையை ஏற்றி, பாரம் முதுகெலும்பின் வழியே நேராக இறங்கும்படி நிமிர்ந்து நடப்பார்கள். மலையேறுவோருக்கென அமெரிக்காவில் டிக் கெல்ட்டி என்பவர் 1952இல் அலுமினியச் சட்டமிட்ட பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். துணியைத் தைத்தவர் அவர் மனைவி. சட்டமும் இடுப்புப் பட்டையும் சேர்ந்தே இன்றைய பைகளுக்கு வழிவகுத்தன.

இளைஞருக்கு நான் கூறிய அபிப்பிராயம் இதுதான்: பை மிகச் சிறந்தது, உங்களுக்கு அது வேண்டாம். இரவுதோறும் விடுதியில் தங்குவோருக்கு 40 லீற்றரே தாராளம். பெரிய பையில் வெற்றிடத்தைக் கண்டால் நமது கை சும்மா இராது. இரண்டாவது சப்பாத்தும் மூன்றாவது துவாயும் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறைத் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர், உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதீர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 6 கிலோ. இந்தப் பையின் சொந்த நிறையே அதில் பாதியை விழுங்க அணித்தாய் வந்துவிடும்.

மற்றொன்றும் சொன்னேன். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல், பிறர் சுமையைத் தாங்குமாறு ஓரிடத்திலும், தத்தம் சுமையைத் தாமே சுமக்குமாறு சில வரிகள் தள்ளியும் எழுதுகிறார். முரண்பாடு போலத் தோன்றும் இதைக் கிரேக்க மூலம் தெளிவாக்குகிறது. பிறரோடு பகிர வேண்டியது ‘பாரோஸ்’, ஒருவரை அழுத்தும் பாரம். தானே சுமக்க வேண்டியது ‘போர்த்தியோன்’, அவரவருக்குரிய சுமை. தம் சுமை எளிது என்று இயேசு கூறுமிடத்திலும் மத்தேயு பயன்படுத்துவது இந்த இரண்டாம் சொல்லையே. நம் பையை நாமே தூக்குவோம். ஆனால் நடக்கும் வழியில் பாரோஸ் யார்மேல் இருக்கிறதென்று பார்க்காமல் போகலாமா?

பெக்கோ பாதையில் அது கண்ணெதிரே தெரியும். கொழுந்து பறிக்கும் நம் சகோதரியரின் கூடையோ சாக்கோ, தலையைச் சுற்றிய கயிற்றில் முதுகுப்புறம் தொங்குகிறது. பாரம் முழுவதும் கழுத்துக்கு. நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவைப் பறித்தால்தான் முழுப்பேர். அது ஒரே தடவையில் தலையில் ஏறுவதில்லை, நிறுவைக்கு நிறுவை இறங்கும் என்பது உண்மையே. ஆனால் மழை நாளில் ஈரக் கொழுந்து கனக்கும். ஈரத்துக்கென நிறுவையில் கழிப்பார்கள்; கழுத்துக்குக் கழிவு இல்லை. செங்குத்தான சரிவில், பல இடங்களில் செருப்புமின்றி, ஆண்டுக்கணக்காக இதுவே.

நான்கு நாள் உல்லாச நடைக்குச் செல்பவரின் தோள் நோகாதிருக்க ஒரு பட்டையை உலகம் இவ்வளவு நுணுக்கமாய்ச் சிந்தித்துச் செய்திருக்கிறது. வாழ்நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்குபவருக்கோ, தாத்தா காலத்துக் கயிறே இன்றும் போதும் என்று நினைக்கிறோம். தைக்கத் தெரியாத நாடா நமது நாடு? கட்டுநாயக்கவில் தைத்த ஆடைகளை உலகெங்கும் உடுத்துகிறார்கள். கூடையோடு சேரும் இடுப்புப் பட்டை ஒன்றைத் தைத்து, பறிப்போரிடமே கொடுத்துப் பார்த்து, அவர்கள் சொல்கிறபடி திருத்த எத்தனை நாள் ஆகும்? தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும், மலையகப் பங்குகளில் பணியாற்றும் என் சகோதரக் குருக்களிடமும் இதைக் கேட்கிறேன். எங்கள் இளைஞரில் இருவர் தையற்கடைப் பிள்ளைகள். அந்த 70 லீற்றர் பையின் பட்டையை அளந்து, தாளில் வரைந்துகொண்டுதான் அதைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றனர்.