மெஷின் பேசுகிறது, நமக்குத்தான் பாஷை தெரியவில்லை

பாத்திரம் தேய்க்கும் மெஷின் நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. 2020 ஊரடங்கின்போது வேலைக்கு ஆள் வர முடியவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் முழங்காலை நினைத்து வாங்கி அனுப்பினார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு வீட்டில் இப்போது மெஷினுக்குள் பருப்பு டப்பா அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் பாதியில் நின்று ஏதோ எழுத்தும் எண்ணும் காட்டியதாம். என்ன கோளாறு என்று யாரும் பார்க்கவில்லை.

சங்கேத எழுத்தைக் காட்டும்படி மெஷினைச் செய்யத் தெரிந்த கம்பெனிக்கு, அதன் அர்த்தத்தைத் தமிழில் எழுதி மெஷின் கதவிலேயே ஒட்டித் தரத் தெரியாதா? என் கேள்வி இதுதான்.

விழுப்புரத்தில் என் மைத்துனர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "மாமா, பாதியில நின்னுடுச்சு, உள்ளே தண்ணி தேங்கி நிக்குது" என்று போன் செய்தார். சர்வீஸுக்குப் பதிவு செய்தால் நாலு நாள் கழித்துத்தான் ஆள். அதற்குள் அடியில் நின்ற எச்சில் தண்ணீர் நாற ஆரம்பித்துவிட்டது. முழங்கால் வலிக்காக வாங்கிய மெஷினிலிருந்து வழவழவென்ற தட்டுகளை எடுத்து, அந்த அம்மாள் நின்றுகொண்டே கையால் தேய்த்தார். புதுச்சேரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பைக்கில் வந்த பையன், வடிகட்டியைத் திருகி எடுத்தான். அதற்குக் கீழே பம்பின் மூடியைக் கழற்றி இரண்டு எலுமிச்சங்கொட்டையை எடுத்துப் போட்டான். பத்து நிமிஷ வேலை. பில் 590 ரூபாய். "போன்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. வெயிலில் அலைந்தவன் அவன். கையேட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலம், இந்தி. அந்த எழுத்துக்கு நேரே "சர்வீஸை அழைக்கவும்" என்று மட்டும் இருந்தது.

நான் டெலிபோன் இலாகாவில் இருந்தவன். எக்ஸ்சேஞ்சில் அலாரம் அடித்தால் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்போம். எந்த விளக்குக்கு என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். 198-இல் புகார் வந்தால் முதலில் டெஸ்ட் டெஸ்கில் லைனைச் சோதிப்பார்கள். கோளாறு வெளியே என்று தெரிந்த பிறகுதான் லைன்மேன் சைக்கிளை எடுப்பார். ஆளை அனுப்பிவிட்டு அப்புறம் கோளாறைத் தேடுவது என்ன முறையோ!

இத்தனைக்கும் அந்த எழுத்துகளில் ரகசியம் ஒன்றும் இல்லை. பாஷ் மெஷினில் ஈ-24 என்றால் அழுக்குத் தண்ணீர் வெளியேறவில்லை. எல்ஜியில் அதையே ஓ-ஈ என்று காட்டும். ஐ-ஈ என்றால் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுத்து வேறு, வியாதி ஒன்றுதான்.

தண்ணீர் வெளியேறாவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வடிகட்டியைக் கழுவ வேண்டும். பின்னால் போகும் குழாய் மடங்கியிருக்கிறதா, சிங்க் குழாயோடு சேரும் இடம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம், வெறும் விரலை விட வேண்டாம்.

தண்ணீர் உள்ளே வராதது நம் ஊர்களுக்கே உரிய தொல்லை. பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார். தரைத்தள வீட்டு மொட்டை மாடியில் தொட்டியை வைத்தால் குழாய்க்கு மேலே மூன்று, நாலு மீட்டர்தான் தேறும். அதுவும் தொட்டி காலியாகிக்கொண்டிருந்தால் மெஷின் காத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். போர் தண்ணீர் என்றால் மணலும் சுண்ணாம்பும் குழாய் வாயில் இருக்கும் சிறு சல்லடையை அடைத்துவிடும். குழாயை மூடிவிட்டு, அந்தச் சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பல நேரம் அது போதும்.

அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்ற எழுத்து (பாஷில் ஈ-15) வந்தால் மட்டும் நாம் வீரம் காட்டக் கூடாது. சாதாரண பாத்திரச் சோப்புத் திரவத்தை ஊற்றி நுரை பொங்கினாலும் இது வரும், கசிவு இருந்தாலும் வரும். குழாயை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

"வயதானவர்கள் கையை வைத்து ஷாக் அடித்துக்கொள்வார்கள், அதனால்தான் சொல்வதில்லை" என்று ஒரு நண்பர் கம்பெனிக்காக வாதாடினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்தால்தானே ஆபத்து குறையும்? ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 2021 மார்ச் முதல் அங்கே விற்கும் இந்த மெஷின்களின் கையேட்டில், கோளாறை எப்படி அறிவது, அதன் அர்த்தம் என்ன, வீட்டுக்காரர் என்ன செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இருந்தாக வேண்டும். வடிகட்டி, கதவு ரப்பர் போன்ற உதிரி பாகங்கள் பத்து வருஷம் கிடைக்க வேண்டும். அங்கே விற்கும் கம்பெனிகளில் சில இங்கேயும் விற்கின்றன.

நம் நாட்டிலும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் கையேட்டையும் சர்வீஸ் விவரத்தையும் அங்கே தரலாம். ஆனால் இணையத்தில் இருப்பதைத் தேட, பாதியில் நின்ற மெஷின் முன்னால் ஈரக் கையோடு நிற்கும் எழுபது வயது அம்மாளால் முடியுமா? அவருக்கு வேண்டியது கதவின் உள்பக்கம் ஒட்டிய, பெரிய எழுத்தில் பத்து வரித் தமிழ். பழைய ஃப்ரிட்ஜின் பின்னால் வயரிங் படமே ஒட்டித் தருவார்கள். இது அதைவிடச் சின்ன வேலை.

அதுவரை, சர்வீஸ் எண்ணில் பேசுகிறவர் முகவரி கேட்கும்போதே நாம் திருப்பிக் கேட்கலாம்: "இந்த எழுத்துக்கு என்னம்மா அர்த்தம்? ஆள் வருவதற்கு முன்னால் நான் என்ன பார்க்கலாம்?" சொல்ல மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே புகார் சொல்லலாம்.