வண்டி வரியில் தெருவுக்கும் ஒரு பங்கு

தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் வாழும் அன்பர்களுக்கு,

ஒரு லட்சம் ரூபாய்க்குள் ஸ்கூட்டர் வாங்குகிறவர் அதன் விலையில் 10 சதவீதத்தை ஆயுள் வரியாகக் கட்டுகிறார். பத்து லட்சத்தைத் தாண்டிய கார் என்றால் 18 சதவீதம். இருபது லட்சத்துக்கு மேல் போனால் 20. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதங்கள் இவை. வரி கட்டி, டி.என். 11 நம்பர் பிளேட் மாட்டி வெளியே வரும் அந்த வண்டி முதலில் இறங்கும் பள்ளம் மாநகராட்சித் தெருவில் இருக்கிறது. கட்டிய வரி மாநில அரசின் பொதுக் கணக்கில் இருக்கிறது. நாம் சண்டை போடுவது கவுன்சிலரிடம், பணமோ கோட்டையில்.

அந்த வரியில் ஒரு பங்கு, போக்குவரத்து வேலைக்கு மட்டும் என்று கட்டிவைத்து, உள்ளாட்சிக்குச் சட்டப்படி வந்து சேர வேண்டும். அதைக் கேட்டு நமது மாமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அடுத்த மாநில பட்ஜெட்டுக்கு முன்பாக அரசுக்கு அனுப்ப வேண்டும். உறுப்பினர்கள் தாமாக அதை எழுதுவார்கள் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் எழுத வைக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. வண்டி வரியும் அதில் கலந்தே வருகிறது. ஆனால் அது எதற்கும் கட்டுப்படாத பணம். சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை என்று போனது போக மிச்சம் இருந்தால்தான் நடைபாதை. மிச்சம் இருப்பதில்லை.

இது நாம் இன்று கண்டுபிடித்த கோரிக்கையும் அல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அதே 1931-இல்தான் சென்னை மாகாணத்தின் மோட்டார் வாகன வரிச் சட்டமும் வந்தது. அதுவரை உள்ளாட்சிகள் வசூலித்துவந்த சாலைச் சுங்கத்தை அந்தச் சட்டம் ஒழித்தது. இழந்த வருமானத்துக்கு ஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. வண்டி வரியில் தெருவுக்கு உரிமை உண்டு என்பதை அன்றைய வெள்ளைக்கார அரசே ஏற்றுக்கொண்டிருந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கென்று 18 பணிகளைச் சொல்கிறது. சாலையும் பாலமும் அதில் உண்டு. பஸ் நிறுத்தம் உண்டு, பஸ் இல்லை! நிழற்குடை கட்டித் தரலாம். அதன் கீழ் நிற்பவருக்கு எந்த பஸ் எப்போது வரும் என்பதில் மாநகராட்சிக்குப் பேச்சே கிடையாது. ஆனால் அதே சாசனத்தின் 243எக்ஸ் பிரிவு, மாநிலம் வசூலிக்கும் வரியை நகராட்சிகளுக்கு ஒதுக்கித் தரச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. டெல்லிக்குப் போக வேண்டிய விஷயமே இல்லை இது.

நம் ஊரில் ஒரு பயணம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலை. வேளச்சேரி ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஸ்டேஷன் தெற்கு ரயில்வே, பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.), உட்தெரு மாநகராட்சி. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, அதாவது கும்டாவுக்கு, 2010-இல் சட்டம் இயற்றினார்கள். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.

கிளாம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது நமது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தாலும் அதன் பாரத்தைச் சுமந்தது பெருங்களத்தூரும் தாம்பரமும்தான். ஏறக்குறைய 400 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அந்த அளவுக்குப் பெரிய முனையத்துக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் இறங்கியவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார்கள். காசு இல்லாமல் நடந்த குளறுபடி அல்ல அது. கட்டடத்துக்குப் பணம் ஒரு கணக்கில், அங்கே போய்ச் சேரும் வழிக்குப் பணம் இன்னொரு கணக்கில் என்று இருந்ததால் வந்த வினை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோவுக்கான திட்ட அறிக்கை 9,335 கோடி ரூபாய் மதிப்பீடு சொல்கிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 கோடி. மெட்ரோ வரட்டும், நமக்கு வேண்டியதுதான். ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் நடைபாதை, ரோட்டைக் கடக்கும் வசதி, சிற்றுந்து நிற்க இடம் ஆகியவையும் அதே மதிப்பீட்டில் இருக்க வேண்டும் என்று மாமன்றம் இப்போதே கேட்க வேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

அடுத்தது பஸ். 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல குடும்பங்களுக்கு மாதச் செலவில் நல்ல மிச்சம். ஆனால் பஸ் நுழையாத தெருவில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகை மெயின் ரோட்டில்தான் தொடங்குகிறது. அதுவரை ஷேர் ஆட்டோ, அல்லது நடை. எம்.டி.சி. 2013-லேயே சிற்றுந்துகளை விட்டது. மாடம்பாக்கம், சிட்லபாக்கம், அனகாபுத்தூர், திருநீர்மலை பக்கத்து உட்தெருக்களிலிருந்து ரயில் நிலையங்களுக்கு அவை வேண்டும். அந்தத் தடங்களில் வரும் நஷ்டத்தை வண்டி வரிப் பங்கிலிருந்து ஈடு செய்யலாம். அப்படிக் கொடுக்கும்போது தடத்தையும் நேரத்தையும் முடிவு செய்வதில் மாநகராட்சிக்கும் குரல் கிடைக்கும். எங்களைக் கேட்டால், தீர்மானத்தின் தலையில் நிற்க வேண்டியது இதுதான்.

மேம்பாலம் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்கட்டும், ஆனால் பட்டியலின் முதல் வரியில் வேண்டாம். பெருங்களத்தூர் ரயில்வே மேம்பாலம் ஒவ்வொரு கையாகத் திறக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாமும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் சாய்தளம் போட்டுத் தெருவோரத்தை எடுத்துக்கொண்டவர்கள் நாமே. கடைத்தெருவில் நாள் முழுக்கக் காரை இலவசமாக நிறுத்துகிறவர்களும் நாமே. நிறுத்தக் கட்டணம் வந்தால், அந்தக் காசு அதே தெருவுக்குச் செலவாகும் என்ற உறுதியோடு, அதை எதிர்க்காமல் இருப்போம். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வர நேரமானது; உங்கள் வீட்டிலும் விவாதம் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். வார்டு மக்கள் நேரில் கூடிப் பேசும் பகுதி சபை என்று ஒன்று இருப்பது பலருக்கு இன்னும் தெரியாது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நமது பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் ஆண்டுக்கு நான்கு முறை அது கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். கூட்டம் நடப்பதாகத் தகவலே வராவிட்டால், எப்போது, எங்கே என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தெருவிலிருந்து பக்கத்து ஸ்டேஷன் அல்லது பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்த்து, எங்கே நடைபாதை முடிகிறது, எங்கே விளக்கு இல்லை, எங்கே ரோட்டைக் கடக்க முடியவில்லை என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். பேசியதோடு விடாமல் கூட்டப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வண்டி வரிப் பங்கு, ஸ்டேஷனுக்குச் சிற்றுந்து, மெட்ரோ மதிப்பீட்டில் சுற்றுத் தெருக்கள் ஆகிய மூன்றையும் மாமன்றத் தீர்மானமாக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டு, ஒரு நகலைத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரம் மாநகராட்சிப் பகுதிக் குடியிருப்போர்