உறக்கத்தைப் பறிப்போர் யார்?

நாம் வாழும் திருமுருகன்பூண்டிக்கு ஒரு புராணம் கட்டி வைத்துள்ளனர். சேரமான் பெருமாள் அளித்த பொன்னுடன் வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்களே வேடராய் வழிமறித்துப் பறித்தனவாம். பதிகம் பாடியதும் பறித்ததைத் திருப்பித் தந்தனவாம். கதை கிடக்கட்டும். இவ்வூருக்கு அருகே, திருப்பூர் வழியே ஓடும் தண்டவாளத்தின் மீது அன்றாடம் ஒரு பறிப்பு நடைபெறுகிறது. பறிபோவது பொன்னன்று, உறக்கம். பறிகொடுப்பவர், நெடுந்தொலைவு இரயில் வண்டிகளை ஓட்டும் தொழிலாளர்.

இரவில் திருப்பூர் நிலையத்துக்கு வரும் சேரன் விரைவு வண்டியைப் பாருங்கள். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் கால் கடுக்க நின்றவர் ஏறுகிறார். ஈரோடு வருமுன் உறங்கிவிடுகிறார். எந்தத் துணிவில்? முன்னே எஞ்சினில் இருவர் விழித்திருக்கின்றனர் என்ற துணிவில். ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்கின்றனர். ஒரு நிமிடம் எந்தப் பிடியையும் தொடாதிருந்தால் விழிப்புக் கருவி எச்சரிக்கிறது. அதற்கும் கை அசையாவிடில் பிரேக் தானே விழுகிறது. விழித்திருக்கிறாயா என்று நிமிடந்தோறும் வினவ எந்திரம் வைத்தவர்கள், உறங்கினாயா என்று வினவ ஒருவரையேனும் வைத்தனரா?

எட்டு மணி நேரம் உழைத்துத் தலைமையிடம் திரும்பிய ஓட்டுநருக்கு 16 மணி நேர ஓய்வு உண்டு. அன்றியும், மாதத்தில் நான்கு முறை 30 மணி நேர ஓய்வு உண்டு என்கிறது விதி. 16-உம் 30-உம் எத்தனை? 46 என்பர் நம் வகுப்புப் பிள்ளைகள். நிருவாகமோ 16-ஐ 30-க்குள் ஒளித்துவிட்டு, 30 என்றே விடை எழுதுகிறது! 2024 சூனில் தென்னக இரயில்வே ஓட்டுநர்கள் சரியான கணக்கின்படி ஓய்வெடுக்க முனைந்தனர். கிடைத்த மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை.

தொடர் இரவுப் பணியை இரண்டோடு நிறுத்துக என்றனர். நான்கு இரவு வரை ஆகுமென்றது நிருவாகம். உண்ணவும் இயற்கைக் கடன் கழிக்கவும் இடைவேளை கேட்டனர். அதை விதியாக்க இயலாதென்று 2025 ஏப்ரலில் கைவிரித்தது இரயில்வே வாரியம். கழிவறையற்ற எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பெண்களும் ஓட்டுகின்றனர்.

வண்டிகள் நின்றுபோகுமே என்பர் சிலர். விமானம் நிற்காதோ? விமானிக்கு வாரந்தோறும் 48 மணி நேரத் தொடர் ஓய்வு என்று 2024 சனவரியில் விதி திருத்தப்பட்டதே! வானில் பறப்பவனுக்கு ஒரு நீதி, தண்டவாளத்தில் உழைப்பவனுக்கு ஒரு நீதியா? மனு மாண்டான் என்று எவர் சொன்னது?

பழி சுமத்துவதில் மட்டும் தாமதமில்லை. 2024 சூன் 17-இல் வங்கத்தின் ரங்காபாணி அருகே கஞ்சன்சங்கா விரைவு வண்டியின் பின்னால் சரக்கு வண்டி மோதியது. சரக்கு வண்டி ஓட்டுநரும் மாண்டார். அவர் உடல் எரியுமுன், சிக்னலை மதியாதவர் என்று அன்றே தீர்ப்பளித்தனர் மேலிடத்தார். பின்னர் நடந்த பாதுகாப்பு ஆணையரின் விசாரணையோ, தானியங்கிச் சிக்னல் பழுதான வேளையில் வண்டியை எவ்வாறு செலுத்துவதென்று ஓட்டுநருக்கும் நிலையத்தாருக்கும் உரிய பயிற்சி தராத நிருவாகத்தின் குறைகளை வெளிப்படுத்தியது. மாண்டவன் மறுப்புரைக்க மாட்டான் என்ற துணிவன்றோ அந்தத் தீர்ப்பு!

அவ்வாண்டு துணை ஓட்டுநர் பணிக்கு முதலில் அறிவித்த இடங்கள் 5,696. விபத்து நடந்த அதே மாதத்தில் அவை 18,799 ஆயின. ஆள் பற்றாக்குறையை உணர்த்தப் பிணங்கள் தேவைப்பட்டனவா?

நாம் கேட்பது கருணையன்று, கணக்கு. 46 மணி நேர ஓய்வு, இரண்டு இரவு வரம்பு, எஞ்சின்தோறும் கழிவறை, காலியிடங்களுக்கு ஆள். தோழர்களே! இது ஓட்டுநரின் கோரிக்கை மட்டுமன்று. பின்பெட்டியில் உறங்கும் நம் அனைவரின் உயிர். பதிகம் பாடினால் பறிபோன உறக்கம் திரும்பாது. பயணிகளும் சேர்ந்து குரல் எழுப்பினால் திரும்பும்.