கங்கைகொண்டானில் லாரிப் பயிற்சிப் பள்ளி வேண்டும்



நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் நெல்லை மாவட்டத் தாழையூத்துப் பக்கம் கிளீனராகப் போய், டிரைவர் அண்ணன் ஓட்டுவதைப் பார்த்தே லாரி பழகுவார்கள். இங்கோ சாவியைத் தொடுமுன் டயர், ஆயில், கூலண்ட் பார்க்க வேண்டும். பிரேக்கின் காற்றழுத்த முள் ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. இடப்பக்கக் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் சைக்கிளை நிறுத்தி, நம்மை சீட்டில் உட்காரவைத்துக் காட்டுகிறார்கள்.

சிமென்ட் ஆலை, கங்கைகொண்டான் சிப்காட், தூத்துக்குடி துறைமுகம் என்று நெல்லைச் சாலைகளில் லாரிக்குக் குறைவில்லை. 20 வயதும், ஓராண்டு பழகிய இலகுரக வாகன உரிமமும் உள்ள நம் பிள்ளைகள் லாரி ஓட்ட முறையாகப் படிக்க 300 கிலோமீட்டருக்கு மேல் போகத்தான் வேண்டுமா? கங்கைகொண்டானில் இப்படியொரு பள்ளி தொடங்க ஆலைகளும் அரசும் முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், தாழையூத்து