பூ விலை: செல்போன் காட்டுவது இன்றையதா, நேற்றையதா?

சங்கரன்கோவில் சந்தையில் மல்லிகைப் பூ விலை தினமும் மாறும். ஆடித்தபசு போன்ற திருவிழா என்றால் கிடுகிடுவென ஏறுவதும் உண்டு. அன்றைக்குத்தான் கூட்டமும் அதிகம். ஒரே நேரத்தில் எல்லோரும் செல்போனைத் திறந்தால், இணையம் திணறும்.

இதற்கு என்ன வழி?

முன்பு பார்த்த பக்கத்தின் நகலைச் செல்போன் சேமித்து வைக்கிறது. இதற்கு "கேச்" என்று பெயர். அடுத்த தடவை, "பக்கம் மாறிவிட்டதா?" என்று மட்டும் கேட்கிறது. மாறவில்லை என்றால் "304" என்ற சிறு பதில் வரும். பாரம் குறைவு, வேகம் அதிகம்.

ஆபத்தும் உண்டு! நேற்றைய விலையை இன்றைய விலை என்று நம்பிப் பூவை விற்றால், நஷ்டம் விவசாயிக்குத்தான்.

தொடர்பு அறுந்தால் பழைய நகலை எவ்வளவு நேரம் காட்டலாம் என்று இணையதளமே சொல்லிவிடும் முறை 2010-ல் வந்தது. படங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லலாம். விலைக்கு நிமிடக்கணக்குதான் சரி. அதோடு, எத்தனை மணிக்கு உள்ள விலை என்பதையும் பக்கத்தில் போடவேண்டும். அதுவே நியாயம்.