ஒரு பட்டன் போதுமா? (மேகத்துல ஜாவாவும் மாமாவோட கூலி நோட்டும்)

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. பொட்டி தட்டுற பதிவர்கள் இங்க நெறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சிருக்கும். மத்தவங்க டெக்னிக்கல் பதிவுன்னு பயந்து ஓடிராதீங்க. இதுல ஒரு மாமா இருக்காரு, ஒரு தங்கச்சி இருக்கா, கொஞ்சம் பேண்டேஜ் துணியும் இருக்கு. :-)

நமக்கு ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர். (பால்கோவா கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேணாம், வாங்கி வெச்சா வீட்டுலயே தீர்ந்து போகுது.) சென்னையில ஒரு கம்பெனிக்கு ஜாவாவுல ஆணி புடுங்குறேன். 2020-ல கொரோனாவுக்கு ஊருக்கு வந்தவன்தான், இன்னும் பாதி நாள் இங்கருந்துதான் வேலை.

அம்மா கூடப் பொறந்த மாமா ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டியில தறி போட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில கட்டுப் போடுறாங்களே பேண்டேஜ் துணி, அது நெய்யுறதுக்குப் பேர் போன ஊரு. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. யாரு எத்தன மீட்டர் நெய்ஞ்சாங்க, யாரு எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்காங்க, எல்லாம் ஒரு நீள நோட்டுல இருக்கும். "இத நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன் மாமா"ன்னு வாயக் குடுத்தேன். வெனை அங்கதான் ஆரம்பிச்சது.

ஒரு கிளவுட் கம்பெனியோட இலவசத் திட்டத்துல கணக்கு தொறந்தேன். எக்லிப்ஸுக்கு அவங்களே ஒரு ப்ளக்இன் குடுத்திருந்தாங்க. லாகினுக்கு அவங்க லைப்ரரி, டேட்டாபேஸுக்கு அவங்க லைப்ரரி, ராத்திரி ராத்திரி கணக்கு கூட்டுறதுக்கும் அவங்க லைப்ரரி. கோட் அடிச்சு முடிச்சு ஒரு பட்டன் அமுக்குனா, ரெண்டு நிமிஷத்துல மாமா போன்ல புது ஸ்க்ரீன். மாமாவுக்கு ஒரே பெருமை. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "நம்ம மாப்ள செஞ்சது"ன்னு காட்டிட்டு இருந்தாரு.

ரெண்டு அடி விழுந்துச்சு.

மொத அடி ஒரு சனிக்கிழமை. ரோடு தோண்டுனதுல கேபிள் அறுந்துச்சு, செல்போன்லயும் டவர் சரியா எடுக்கல. கூலி வாங்க ஆளுங்க வந்து நிக்குறாங்க, ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மாமா ஞாபகத்துல இருந்ததை வெச்சு காசு குடுத்தாரு. ஒரு அக்காவுக்கு இருநூறு ரூவா கம்மியாப் போயிருச்சு. அந்தக்கா ஒண்ணும் சொல்லல. அதுதான் மாமாவுக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு.

ரெண்டாவது அடி ஒரு மெயில். "இந்தச் சேவை 90 நாளில் நிறுத்தப்படுகிறது." டேட்டாவை எடுத்துக்கலாம்னு சொன்னாங்க, ஆனா வந்த ஃபைலு அவங்களுக்கு மட்டுமே புரியுற ஒரு வடிவத்துல இருந்துச்சு. கோட்ல எந்தக் கிளாஸைத் தொறந்தாலும் உச்சியில அவங்க லைப்ரரி பேரு. வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்னா திருப்பி எழுதணும். மாமா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு: "ஏன் மாப்ள, என் நோட்டு முப்பது வருஷமா இருக்கு. ஒன் நோட்டு ரெண்டு வருஷத்துல கிழிஞ்சிருச்சே."

(கம்பெனி பேரு வேணாம். இனிமே இந்தப் பதிவுல நான் பேர் சொல்லப்போற எதுவும் அது இல்ல.)

அந்தக் கடுப்புல உக்காந்து, இந்த மாதிரி டூல்களோட கதைய பின்னாடிபோய் படிச்சேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க.

கூகுள் ஆப் எஞ்சின் 2008 ஏப்ரல்ல வந்தப்ப பைத்தான் மட்டும்தான். 2009 ஏப்ரல்ல ஜாவா வந்துச்சு, கூடவே எக்லிப்ஸுக்கு கூகுள் ப்ளக்இன். அப்ப அது பெரிய விஷயம். சொந்தமா சர்வர் இல்லாம, டாம்கேட் போடத் தெரியாம, காலேஜ் பையன்கூட ஒரு பட்டன்ல ஜாவா வெப் அப்ளிகேஷனை உலகத்துக்குக் காட்டலாம்னு ஆச்சு.

ஆனா அந்த ப்ளக்இன் ஏன் தேவைப்பட்டுச்சுன்னு யோசிங்க. ஆப் எஞ்சின்ல ஓடுனது நம்ம வீட்டு ஜாவா இல்ல. அவங்க அனுமதிச்ச கிளாஸ் பட்டியல்ல இருக்குறதை மட்டும்தான் தொடலாம். ஃபைல்ல எழுதக் கூடாது. நீங்களா த்ரெட் உருவாக்கக் கூடாது. டேட்டாபேஸும் நாம படிச்ச டேபிள், ஜாயின் சமாச்சாரம் இல்ல. நம்ம மெஷின்ல நல்லா கம்பைல் ஆகுற கோடு அங்க போய் மண்ணைக் கவ்வும். அதனாலதான் அந்த ப்ளக்இன் எடிட்டர்லயே சிவப்புக் கோடு போட்டு "இந்தக் கிளாஸ் ஆகாது"ன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்த வினோத உலகத்தைப் பொம்மையா நம்ம மெஷின்ல ஓட்டிக் காட்டவும் ஒரு குட்டி சர்வரை வெச்சிருந்துச்சு.

இதுலருந்து எனக்குத் தோணுன ஒண்ணைச் சொல்றேன், இந்தப் பதிவுல இது மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்: மேகம் எவ்வளவு வினோதமோ, டூலு அவ்வளவு குண்டு. டூல் நமக்கு வசதி பண்ணித் தருதுன்னு நெனக்கிறோம். பல சமயம் அது, மேகக்காரன் உண்டாக்குன அசௌகரியத்துக்குத்தான் மருந்து போட்டுக்கிட்டு இருக்கு.

சாட்சி வேணுமா? 2017-ல ஆப் எஞ்சின்ல ஜாவா 8 வந்தப்ப அந்தக் கிளாஸ் பட்டியல் கட்டுப்பாடு போச்சு. அதே 2017-ல பழைய ப்ளக்இன்னுக்குப் பதிலா வேற ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, பழசு மூட்டை கட்டிருச்சு. அமேசான் 2009-ல எக்லிப்ஸுக்கு ஒரு டூல்கிட் விட்டாங்க, 2023-ல அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. பிரவுசர்லயே கோட் அடிக்கலாம்னு வந்த கிளவுட்9-ஐ 2016-ல அமேசான் வாங்குச்சு, 2024 ஜூலையில புது வாடிக்கையாளருக்குக் கதவைச் சாத்திருச்சு. ஹெரோக்கு 2011-ல ஜாவாவுக்கு எடம் குடுத்துச்சு, 2022 நவம்பர் 28-ஓட இலவசத் திட்டத்துக்கு டாட்டா காட்டிருச்சு. யாரையும் திட்டல. அவங்க காசு, அவங்க சர்வர். இதோட ஆயுசு அவங்க கையில இருக்குங்கறத நாமதான் மறந்துர்றோம்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. 2014-ல ஸ்பிரிங் பூட் 1.0 வந்துச்சு. அதுவரைக்கும் அப்ளிகேஷனை வார் ஃபைலாக் கட்டி, ஒரு சர்வருக்குள்ள கொண்டுபோய் எறக்கணும். இதுல டாம்கேட்டே அப்ளிகேஷனுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஒரே ஒரு ஜார் ஃபைல், ஜாவா இருக்குற எந்த மெஷின்லயும் ஓடும். 2013-ல வந்த டாக்கர், அந்த ஜாரையும் அதுக்கு வேண்டிய ஜாவாவையும் சேர்த்து ஒரே பொட்டியா கட்டிருச்சு. 2018-ல கூகுளே 'ஜிப்'னு ஒண்ணு விட்டாங்க, மேவன்லருந்தே டாக்கர் இல்லாமலே அந்தப் பொட்டியைக் கட்டித் தரும். இதெல்லாம் எந்த மேகத்துக்கும் சொந்தமில்லாத டூலுங்க. மும்பை சர்வர்லயும் ஓடும், மாமா குடோன்ல இருக்குற பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும்.

இப்ப தங்கச்சி கதை.

சித்தி பொண்ணு, ராஜபாளையத்துல இருக்கா, எஞ்சினியரிங் கடைசி வருஷம். போன மாசம் போன் பண்ணா. "அண்ணே, லேப் ரெக்கார்டுல போட்டிருக்கிற பட்டன் இப்ப மெனுவுலயே இல்லண்ணே." பார்த்தா, எப்பவோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட். அந்த ப்ளக்இன்னே இப்ப கெடையாது. புள்ளைங்க அதைப் பார்த்து வரைஞ்சு, "பட்டனை அழுத்தவும், அப்ளிகேஷன் மேகத்தில் ஏற்றப்படும்"னு எழுதி மார்க் வாங்குதுங்க. பட்டனுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லித் தரல.

இன்னொண்ணும் கேட்டா. "என் லேப்டாப் 4 ஜிபிதான், எக்லிப்ஸ் தொறந்தாலே ஃபேன் கத்துது. பிரவுசர்ல கோட் அடிக்கிறதுக்கு எதையாச்சும் சொல்லுண்ணே."

இங்கதான் நானும் கொஞ்சம் எறங்கி வரணும். பிரவுசர் டூல்களே வேணாம்னு நான் சொன்னா அது 16 ஜிபி லேப்டாப் வெச்சிருக்கிறவன் பேச்சு. கிட்ஹப் கோட்ஸ்பேசஸ்ல 2022 நவம்பர்லருந்து தனி ஆளுங்களுக்கு மாசம் 60 மணி நேரம் இலவசம்னு அறிவிச்சாங்க. அவ மாதிரி புள்ளைங்களுக்கு அது வரம்தான். அதுல ஒரு நல்ல விஷயம், அந்த மெஷின்ல என்னென்ன இருக்கணும்னு டெவ்கன்டெய்னர்னு ஒரு ஃபைல்ல எழுதி நம்ம கோட் கூடவே வெச்சுக்கலாம். நாளைக்கு நல்ல லேப்டாப் வந்தா அதே ஃபைலை வெச்சு அதே மாதிரி நம்ம மெஷின்லயே எழுப்பிக்கலாம். வெளிய போற கதவைத் தொறந்து வெச்சிருக்கிற டூல் அது. அதனால அவகிட்ட "போ, ஆனா சாவிய கையில வெச்சுக்கோ"ன்னேன்.

கூடவே ஒரு வாரம் உக்கார வெச்சு, எக்லிப்ஸ் இல்லாம, ஒரு சாதா எடிட்டரும் கறுப்பு ஸ்க்ரீனும் வெச்சு, மேவன்ல கட்டி ஜாரை ஓட்டக் கத்துக் குடுத்தேன். அந்த 4 ஜிபியிலயே ஓடுச்சு. "இவ்வளவுதானாண்ணே?"ன்னா. இவ்வளவுதாம்மா.

ஆக, எந்த கிளவுட் டூலைத் தொடுறதுக்கு முன்னாடியும் நான் இப்ப ரெண்டு கேள்வி கேக்குறேன்.

ஒண்ணு, நெட் வயரைப் பிடுங்குனா என் அப்ளிகேஷன் என் மெஷின்ல ஓடுமா? 2012 வாக்குல தமிழ்நாட்டுல கரண்ட் பல மணி நேரம் போச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப எங்க பக்கம் ஜெனரேட்டர் வெச்சிருந்த மில்லு ஓடுச்சு, இல்லாதது படுத்துச்சு. கரண்ட்டே வேணாம்னு எந்த முதலாளியும் சொல்லல. போனா என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சிருந்தாங்க. நம்ம மெஷின்ல ஓட்டிப் பாக்க முடியுறதுதான் நமக்கு ஜெனரேட்டர்.

ரெண்டு, நாளைக்கே காலி பண்ணச் சொன்னா எத்தன நாள்ல பொட்டி கட்டுவேன்? டேட்டா சாதா போஸ்ட்கிரஸ்ல இருந்தா ஒரு நாள். அவங்களோட தனி டேட்டாபேஸ்ல இருந்தா மாமா சொன்ன வசனம் கேக்க வேண்டியதுதான்.

"அப்ப மேகக்காரன் குடுக்குற சிறப்பு வசதி எதையும் தொடவே கூடாதா?"ன்னு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. தொடலாம் தல. நூறு பேர் டீம் இருக்கு, மாறணும்னா மாறுறதுக்கு காசு இருக்குன்னா தாராளமாத் தொடுங்க, வேலை சீக்கிரம் முடியும். ஆனா ஒத்த ஆளா, ஓசித் திட்டத்துல, இன்னொருத்தரோட கூலிக் கணக்கை எழுதுறப்போ அந்தச் சொகுசு நமக்கு இல்ல. நான் செஞ்ச தப்பு அதுதான். விளையாட்டுக்கு செய்யுற டூலை வெச்சு, சனிக்கிழமை காசுக்கு நிக்குறவங்க கணக்கை எழுதிட்டேன்.

திருப்பி எழுத ஏழு வாரக் கடைசி ஆச்சு. இப்ப ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரஸ், ஒரு ஜார். மாமா குடோன்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஓடுது. ராத்திரிக்கு ஒரு பிரதி மேகத்துக்குப் போகுது, மேகம் இல்லேன்னா அடுத்த நாள் போகும். பட்டன் எல்லாம் இல்ல, ரெண்டு வரி கமாண்டு.

மாமா அதை ஏத்துக்கிட்டாரு. ஆனா நீள நோட்டை இன்னும் மூடல. சனிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சு சரிபார்த்துட்டுதான் காசு எடுக்குறாரு. "ஏன் மாமா, நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டா சிரிக்கிறாரு. அந்த அக்காவுக்கு அந்த இருநூறு ரூவாயை அடுத்த வாரமே குடுத்துட்டாராம், அதையும் நோட்டுலதான் எழுதி வெச்சிருக்காரு.

டிஸ்கி: உங்க கணக்கு வழக்கு, கவிதை, போட்டோ எல்லாம் எந்த மேகத்துல இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க மக்கா. நம்ம பதிவுகளையும் சேர்த்துதான். நான் இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னாடி என்னுதை ஒரு பிரதி எடுத்து வெச்சுட்டேன். :-)