சனமில்லாத வரைபடம்

'பன்சர் ஜெனரல்' எண்டொரு பழைய கணினி விளையாட்டு. அமெரிக்காவின் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1994இல் வெளியிட்டது. எங்களை விட அதுக்கு வயசு கூட. எந்தப் பழைய லப்டொப்பிலும் ஓடும் என்பதால் ஹொஸ்டல் றூமில் விடிய விடிய இருந்து விளையாடியிருக்கிறோம். ஆகவே இது கேம் விளையாடாத பெரியாக்களின் புலம்பல் இல்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம்: நல்ல விளையாட்டு. வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். நாங்கள் ஒருமுறை படையை நகர்த்தினால் எதிரி ஒருமுறை நகர்த்துவான். எரிபொருள் முடிந்தால் டாங்கி அப்படியே நிற்கும். மழை பெய்தால் நிலம் சேறாகிப் படை ஊரத் தொடங்கும். அவசரப்படுகிறவன் தோற்பான். போலந்தில் இருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு டாங்கி அணி, அனுபவம் ஏறி ஏறி மொஸ்கோ வாசலுக்கு வரும்போது அதில் எங்களுக்கு ஒரு பாசமே வந்துவிடும்.

எங்கள் கேள்வியும் அந்தப் பாசத்தில்தான் தொடங்குகிறது. ஏனென்றால் தொடர் போராட்டத்தை விளையாடும்போது நாங்கள் ஹிட்லரின் தளபதி. 1939 செப்டெம்பரில் போலந்துக்குள் நுழைகிறோம். ஒரு நகரத்தைப் பிடித்தால் மதிப்புப் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியில் புது டாங்கி வாங்கலாம். நகரம் என்பது அவ்வளவுதான். அதற்குள் சனம் கிடையாது. காலாட்படை, பீரங்கி, போர்விமானம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு படம் இருக்கிறது. பொதுமக்களுக்கு மட்டும் இல்லை.

கீவ் நகரத்தை எடுப்போம். விளையாட்டில் அது ஒரு தனிச் சண்டை. வென்றால் பாராட்டு, அடுத்த களம். உண்மையான கீவில் நடந்தது என்ன? 1941 செப்டெம்பர் 19 அன்று ஜேர்மன் படை உள்ளே போனது. பத்து நாட்கள் கழித்து, 29ஆம் 30ஆம் திகதிகளில், பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கணக்கு கொன்றவர்களே எழுதி அனுப்பிய அறிக்கையில் உள்ளது. யூதர்களை ஓரிடத்தில் வந்து கூடச் சொன்ன அறிவித்தல்களை அச்சடித்துக் கொடுத்தது இராணுவத்தின் பிரசாரப் பிரிவு. 'கொலை செய்தது எஸ்.எஸ்., இராணுவம் சண்டை மட்டும்தான் பிடித்தது' என்ற கதை போருக்குப் பிறகு ஜேர்மன் தளபதிகள் தங்களைக் கழுவிக்கொள்ளச் சொன்ன கதை. பன்சர் ஜெனரல் அந்தக் கதையை வாயால் சொல்லவில்லை. அதை எங்கள் கையால் விளையாட வைக்கிறது.

"மச்சான், செஸ்ஸிலயும்தானே ஆள் வெட்டுறம்? இது வெறும் கேம்" என்று கேட்பார்கள். செஸ்ஸில் கீவ் என்று ஒரு கட்டம் இல்லை. திகதி இல்லை. இந்த விளையாட்டோ எந்த டாங்கி எந்த வருடம் வந்தது என்பதைக்கூடக் கவனமாகப் பார்த்துச் செய்யப்பட்டது. நன்றாக வென்றுகொண்டே போனால் வாஷிங்டன் வரைக்கும் படையெடுக்கலாம். நடக்காததைக் காட்ட இடமிருந்த வரைபடத்தில் நடந்ததைச் சொல்ல மட்டும் இடமில்லாமல் போனது எப்படி?

"அப்ப படுகொலையையும் விளையாட வைக்கச் சொல்லுறீங்களோ?" இல்லை. அதற்குப் புள்ளி போடுகிற விளையாட்டு இதைவிடக் கேவலமாக இருக்கும். தடை செய்யவும் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது சின்ன விசயம்: கீவைப் பிடித்ததும் வருகிற வெற்றித் திரையில், அடுத்த பத்து நாளில் அங்கே என்ன நடந்தது என்று இரண்டு வரி. வார்சோவுக்கு இரண்டு வரி. அதோடு விளையாட்டு கெட்டுப்போகாது. எங்கள் பாசம்தான் கொஞ்சம் கெடும். கெடட்டும்.

சனத்தை வைத்தும் போர் விளையாட்டுச் செய்யலாம். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்', சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் நாங்கள் தளபதி இல்லை. முற்றுகைக்குள் சாப்பாடும் மருந்தும் தேடி அலைகிற சாதாரண ஆக்கள். ஆனால் பன்சர் ஜெனரலின் வழியில் 2011இல் வந்த 'பன்சர் கோர்ப்ஸ்' திரும்பவும் அதே ஜேர்மன் தளபதியின் கதிரையில்தான் எங்களை இருத்தியது.

எங்கேயோ நடந்த போருக்கு இவர்களுக்கு ஏன் இவ்வளவு சூடு என்று நினைக்கலாம். எங்கள் நாட்டுப் போரின் கடைசி மாதங்களும் தொலைக்காட்சியில் வரைபடமாகத்தான் ஓடியது. இன்றைக்கு இந்த ஊர் பிடிபட்டது, நாளைக்கு அந்த ஊர். அந்தக் கட்டங்களுக்குள் பங்கரில் இருந்த சனம் வரைபடத்தில் தெரியவில்லை. எங்களில் சிலர் அந்தச் சனத்தின் பிள்ளைகள். கட்டத்துக்குள் ஆளில்லை என்று எவர் வரைந்து காட்டினாலும் எங்களால் நம்ப முடியாது.

விளையாடுங்கள். நாங்களும் விளையாடுவோம். ஆனால் கீவைப் பிடித்த பிறகு 'அடுத்த களம்' என்பதை அமத்த முன்னம், இங்க இருந்த சனம் எங்க எண்டு ஒருக்காக் கேளுங்கள்.